எங்கள் மலையில் விதைக்கு எதிரி ஈரம்தான்: விதை வங்கி கட்ட வருகிறவர்களுக்கு மேல்மலையிலிருந்து ஒரு திறந்த மடல்

கொடைக்கானல் மேல்மலையில் பயிர் விதை வங்கியும் ஆராய்ச்சி மையமும் கட்டத் திட்டமிட்டிருக்கும் துறை அதிகாரிகளுக்கும், அதற்கு வரைபடம் தயாரித்த கட்டடக் கலைஞர்களுக்கும்,

போன வாரம் எங்கள் ஊர்ச் சமுதாயக் கூடத்தில் வெள்ளைத் துணி கட்டி நீங்கள் காட்டிய வரைபடத்தை நானும் பார்த்தேன். மேற்குப் பார்த்த முகப்பு முழுக்கக் கண்ணாடி. மேலே தட்டையான கான்கிரீட் தளம். உள்ளே இரண்டு பெரிய குளிர் அறைகள். இடம், ஊருக்கு மேலே ஓடை தொடங்குகிற சதுப்பு. கேள்வி கேட்க எழுந்தேன். நேரமாகிவிட்டது, பதினைந்து நாளுக்குள் எழுத்தில் கொடுங்கள் என்றீர்கள். இதோ எழுத்தில் கொடுக்கிறேன். இது என் ஒருத்தியின் மனு என்று கோப்புக்குள் போய்விடக் கூடாது என்பதால் எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

நான் பூண்டு விவசாயி. எங்கள் பெண்கள் குழுவில் பதினாலு பேர். பன்னிரண்டு வருடமாகக் குழுவின் விதைகளைப் பாதுகாக்கிற பொறுப்பு என்னுடையது. பட்டர் பீன்ஸ், மொச்சை, சிவப்பு அவரை, கேழ்வரகு, சாமை, அப்புறம் விதைப்பூண்டு. விதை வங்கி வேண்டும் என்று இந்த மலையில் முதலில் மனு எழுதியவர்களில் நானும் உண்டு. அதனால் இந்த மையம் வேண்டாம் என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். வர வேண்டும், எங்கள் பேரப்பிள்ளைகள் காலம் வரை நிற்கவும் வேண்டும். நீங்கள் காட்டிய கட்டடம் அப்படி நிற்காது என்பதுதான் என் பயம்.

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறி, நேராக எங்கள் திண்டுக்கல் மாவட்டம் வழியாகப் போனது. அதற்கு முந்தின வருடம், ஒரு அலுவலகத்தில் குளிர் அறை இருக்கிறது, உங்கள் விதையை அங்கே வைத்தால் பத்திரம் என்று சொன்னார்கள். நம்பி வைத்தோம். குழுவின் பட்டர் பீன்ஸில் பாதி, மொச்சை முழுவதும், சாமை நாலு படி. எல்லாம் பழுப்புக் காகித உறையில் போட்டு, பெயர் எழுதி, தட்டுகளில் அடுக்கி வைத்திருந்தார்கள். பார்க்க அவ்வளவு ஒழுங்காக இருந்தது.

புயலில் ரோடெல்லாம் மரம் விழுந்துவிட்டது. கரண்ட் கம்பங்கள் சாய்ந்துவிட்டன. எங்கள் ஊரில் பதினோரு நாள் கரண்ட் இல்லை. அந்த அலுவலகத்தில் ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இரண்டு நாளைக்குத்தான் இருந்தது. டீசல் ஏற்றி வரும் வண்டி எந்த வழியில் வரும்? ரோடு திறந்ததும் நான் போய்ப் பார்த்தேன். கதவைத் திறந்ததும் முகத்தில் அடித்தது, ஈரச் சாக்கை மூட்டையாகக் கட்டி மறந்துபோனால் வருமே அந்த வாடை. உள்சுவர் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். உறைகள் ஊறித் தட்டோடு ஒட்டிக் கிடந்தன. ஒரு உறையைப் பிரித்தேன். பட்டர் பீன்ஸ் விதை ஒவ்வொன்றிலும், காயோடு ஒட்டியிருந்த அந்தக் கண் இருக்கிற இடத்தில், கறுப்பாகப் பூஞ்சை. விரலால் தேய்த்தால் தோல் கழன்று வந்தது.

அங்கே வேலை செய்தவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் பையன்கள் இரண்டு நாள் தூங்காமல் இருந்தார்கள். வீட்டுக்கு எடுத்து வந்து, ஈரச் சாக்கில் நூறு விதையைச் சுருட்டி முளைப்புப் பார்த்தேன். இருபத்து மூன்று முளைத்தது. அதே விதையில் மீதிப் பாதி என் வீட்டில் இருந்தது. தை மாசி வெயிலில் காயவைத்து, அடுப்புச் சாம்பல் கலந்து, மண்பானையில் போட்டு, வாயைத் துணியும் செம்மண்ணும் வைத்துப் பூசி, அடுப்புக்கு மேலே பரணில் வைத்தது. அதிலும் நூறு எடுத்துச் சுருட்டினேன். எண்பத்தொன்று முளைத்தது.

பானைதான் உயர்ந்தது, குளிர் அறை மட்டம் என்று இதற்கு அர்த்தம் எடுக்க வேண்டாம். என் பானையில் விதை இரண்டு மூன்று வருடம் தாங்கும். உங்களுக்கு இருபது முப்பது வருடம் தாங்க வேண்டும், அதற்குப் பானை போதாது. நான் கற்றுக்கொண்டது வேறு. விதையைக் காய்ந்த நிலையில் அடைத்து வைத்தால் குளிர் போனாலும் அது பிழைக்கும். ஈரத்தோடு குளிரில் வைத்தால், குளிர் போன அன்றே அது செத்துப்போகும்.

இது எனக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இல்லை. விதைப் பயிற்சியிலேயே சொல்லிக் கொடுத்தார்கள், ஹாரிங்டன் விதி என்று. விதையின் ஈரப்பதம் ஒரு சதவீதம் குறைந்தால் அதன் ஆயுள் இரண்டு மடங்காகும். வைத்திருக்கும் இடத்தின் வெப்பம் சுமார் 5 டிகிரி குறைந்தாலும் இரண்டு மடங்காகும். தோராயக் கணக்குதான், ஈரம் 14 சதவீதத்திலிருந்து 5 வரை இருக்கும்போது பொருந்தும். நான் அதை நோட்டில் போட்டுப் பார்த்தேன். ஈரத்தை 14-லிருந்து 8-க்குக் கொண்டுவந்தால் ஆறு தடவை இரட்டிப்பு, அதாவது 64 மடங்கு. அறையை 20 டிகிரியிலிருந்து 5 டிகிரிக்குக் கொண்டுவந்தால் மூன்று தடவை, 8 மடங்கு. உலர்த்துவது ஒரு தடவை செய்கிற வேலை. குளிர்விப்பது கட்டடம் இருக்கிற வரைக்கும் ராத்திரி பகல் ஓடுகிற மீட்டர். உங்கள் வரைபடத்தில் குளிர் அறைக்குக் கீழ்த்தளத்தில் பாதி. உலர்த்தும் அறை, படிக்கட்டுக்குக் கீழே ஒரு மூலையில், கழிப்பறைக்குப் பக்கத்தில். அதைப் பார்த்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

கூட்டத்தில் நீங்கள் ஸ்வால்பார்டு, லடாக் விதைப் பெட்டகங்களை உதாரணம் காட்டினீர்கள். இரண்டுமே நல்ல உதாரணங்கள்தான், முழுதாகப் பார்த்தால். 2008-ல் நார்வேக்காரர்கள் வடதுருவத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்வால்பார்டு தீவில் திறந்த பெட்டகம் உறைந்த மலைக்குள் இருக்கிறது. மெஷின் அறையை மைனஸ் 18-ல் வைக்கிறது, ஆனால் அந்தப் பாறையே மைனஸ் 3, 4-ல் இருப்பதால் கரண்ட் போனாலும் விதை உறைநிலைக்குக் கீழேதான் இருக்கும். அதாவது அங்கே இடமே பாதி வேலையைச் செய்கிறது. அப்படிப்பட்ட கட்டடத்திலேயே 2016-ல் நுழைவுச் சுரங்கத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. விதை தப்பித்தது, சுரங்கத்தை நீர் புகாதபடி திரும்பக் கட்டினார்கள். லடாக்கில் சாங் லா கணவாயில் 2010-ல் வைத்த பெட்டகம் 17,000 அடிக்கும் மேலே. அங்கே குளிரும் உண்டு, காற்றும் எலும்பு போலக் காய்ந்தது. எங்கள் மலையில் குளிர்ச்சி உண்டு, காற்று காய்ந்ததில்லை. ஐப்பசி கார்த்திகையில் மஞ்சு இறங்கினால் நாலு நாள் துணி காயாது, உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும், தீப்பெட்டி உரசினால் பற்றாது. விதைகளைச் சேமிக்கிற மரபணு வங்கிகளுக்கான உலகத் தரம், காற்றின் ஈரப்பதம் 10 முதல் 25 சதவீதமாக இருக்கிற இடத்தில் விதையை உலர்த்தச் சொல்கிறது. எங்கள் குழுவின் ஈரமானி கார்த்திகையில் 90-க்குக் கீழே இறங்குவதே அபூர்வம். அந்த வித்தியாசத்தைச் சமாளிப்பதுதான் இந்தக் கட்டடத்தின் முதல் வேலையாக இருக்க வேண்டும்.

என் வீட்டுக்காரர் முப்பது வருடமாகக் கொத்தனார். வரைபடத்தை என் போனில் படம் எடுத்து வந்து அவரிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். முதலில் கூரையைத்தான் சொன்னார். "இந்த மழைக்கு மொட்டைத் தளம் போட்டா மூணாம் வருஷம் ஒழுகும். ஒழுகாட்டியும் ஓதம் ஏறும்." அவர் போட்ட தளங்களைப் பற்றித்தான் சொன்னார், மனசு வருத்தப்பட்டுத்தான் சொன்னார். கொடைக்கானலில் வருடத்துக்கு 1,600 மில்லிமீட்டர் வாக்கில் மழை. பழைய கல் வீடுகளுக்கெல்லாம் சரிவான கூரையும், சுவர் நனையாதபடி நீண்ட இறவாரமும் வைத்தவர்கள் அழகுக்காக வைக்கவில்லை. சுவரைப் பற்றி அவர் சொன்னதையும் அப்படியே எழுதுகிறேன்: "கல்லு குளிரைப் பிடிச்சு வைக்கும். சுண்ணாம்பு ஈரத்தை வெளிய விடும். சிமெண்ட்ட அப்பி மூடினா ஈரம் உள்ளயே தங்கிடும்." கண்ணாடி பகலில் மேற்கு வெயிலை அப்படியே உள்ளே விடும், ராத்திரி அதிலேயே பனி வேர்த்து வழியும். விதை இருக்கிற வீட்டுக்கு வெப்பம் ஏறி இறங்குவதைவிடக் கெட்டது இல்லை.

சரி, கண்ணாடியும் கூரையும் மாற்றிவிடக் கூடியவை. மாற்ற முடியாதது இடம். நீங்கள் தேர்ந்தெடுத்த சதுப்பு எங்களுக்கு வெறும் புல்தரை இல்லை. மழைத் தண்ணீரைப் பஞ்சு மாதிரி குடித்து வைத்துக்கொண்டு பங்குனி சித்திரையில் ஓடைக்கு விடுகிற இடம் அது. கீழே இருக்கிற படிவயல்கள் அந்தக் கசிவை நம்பித்தான் இருக்கின்றன. அதை மண் கொட்டி மூடி, மேல் பக்கச் சரிவை ஜேசிபியால் வெட்டித்தான் கட்டடம் எழுப்ப முடியும். சரிவின் அடியை வெட்டினால் என்ன ஆகும் என்று நீலகிரிக்காரர்களைக் கேளுங்கள். 2009 நவம்பர் மழையில் அங்கே நிலச்சரிவுகளில் 40 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். அதோடு, அடியில் ஊற்று இருக்கிற இடத்தில் விதை வங்கியா? என்னதான் ஈரத்தடுப்புப் போட்டாலும் அஸ்திவாரம் தண்ணீரில்தான் நிற்கும்.

இன்னொன்று, கூட்டத்தில் யாருமே பேசாதது. நீங்கள் சுவரில் ஒட்டிய பட்டியலில் பாதுகாக்கப்போகும் பயிர்கள் என்று முதலில் இருந்தவை மலைப்பூண்டு, உருளைக்கிழங்கு, விருப்பாட்சி வாழை, சௌசௌ. இந்த நாலில் ஒன்றின் ரகத்தைக்கூட நீங்கள் காட்டிய குளிர் அறையில் விதையாகக் காயவைத்து அப்படியே காப்பாற்ற முடியாது. பூண்டைப் பல்லாகத்தான் நட வேண்டும். கிழங்கைக் கிழங்காகத்தான். வாழைக்குக் கன்றுதான். சௌசௌவுக்குக் காய்க்குள்ளே ஒரே ஒரு விதை, அது காயோடு சேர்ந்தேதான் முளைக்கும், காயவைத்தால் செத்துப்போகும். இவற்றை உயிரோடு வைத்திருக்க இங்கே நடக்கக்கூடிய வழி வருடா வருடம் மண்ணில் நட்டு எடுப்பது, இல்லாவிட்டால் திசு வளர்ப்புக் கூடத்தில் குழாயில் வைத்திருப்பது.

எங்கள் பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. விருப்பாட்சி வாழைக்கு அதற்கு முன்பே, 2008-ல். அந்த வாழை கீழ்மலையில் முடிக்கொத்து நோயால் தோட்டம் தோட்டமாக அழிந்ததைத் தாண்டிக்குடி, பண்ணைக்காட்டுப் பெரியவர்களைக் கேட்டால் இன்றைக்கும் சொல்வார்கள். திசு வளர்ப்பில் நோயில்லாத கன்று எடுத்துத்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். நோயைப் பரப்பியது அசுவினிப் பூச்சி. அப்படியானால் வாழைக்கு வேண்டியது அசுவினி புகாத வலைக்கூடம். பூண்டுக்கு வேண்டியது காட்டுமாடும் பன்றியும் நுழையாத வேலி போட்ட வயல், அப்புறம் அறுத்த பூண்டைக் கட்டுக் கட்டாகத் தொங்கவிடக் காற்றோட்டமும் புகையும் உள்ள ஒரு அறை. என் மாமியார் விதைப்பூண்டை அடுப்புக்கு மேலே மூங்கிலில் தொங்கவிட்டுத்தான் அடுத்த நடவு வரை காப்பாற்றினார், நானும் அப்படித்தான். உங்கள் வரைபடத்தில் வயல் எங்கே என்று தேடினேன். வண்டி நிறுத்தத்துக்குப் பின்னால் "தோட்ட அழகு" என்று பச்சை அடித்திருந்த பத்து சென்ட் இடம்தான் தெரிந்தது.

உருளைக்கிழங்குக்குத் தனியாக ஒரு பயம் உண்டு. கிழங்குச் செடியின் வேரைத் தாக்கும் முட்டைக்கூட்டு நூற்புழுவை நீலகிரியில் 1961-ல் கண்டுபிடித்தார்கள், பின்னால் எங்கள் மலையிலும் தென்பட்டது. அதனால்தான் இங்கத்திய விதைக்கிழங்கை வெளியே அனுப்பக் கட்டுப்பாடு வந்தது. அந்தப் புழுவின் கூடு கடுகைவிடச் சின்னது, செடி இல்லாமலே மண்ணில் பல வருடம் உயிரோடு கிடக்கும். காலணியில் ஒட்டும், கூடையில் ஒட்டும், கழுவுகிற தண்ணீரில் போகும். ஆராய்ச்சி மையம் என்றால் நாலு திசையிலிருந்தும் கிழங்கு வரும். வந்த கிழங்கைக் கழுவும் முற்றத்தின் சாக்கடையை ஓடைக்குப் போகிறபடி வரைந்திருக்கிறீர்கள். அந்த ஓடைக்குக் கீழே முந்நூறு குடும்பத்தின் வயல் இருக்கிறது. எங்கள் பயிரைக் காப்பாற்ற வருகிற கட்டடத்திலிருந்தே எங்கள் வயலுக்குப் புழு வந்தால் நாங்கள் யாரிடம் போய்ச் சொல்வது?

குறை மட்டும் சொல்லிவிட்டுப் போக எனக்கு விருப்பம் இல்லை. ஊருக்குக் கிழக்கே மேட்டில் அரசுக்குச் சொந்தமான பழைய உருளைக்கிழங்குக் கிடங்கு பூட்டிக் கிடக்கிறது. கருங்கல் சுவர், இரண்டடிக் கனம். தெற்குப் பார்த்த சரிவு, அதனால் மார்கழி, தை வெயில் நாள் முழுக்க விழும். பக்கத்தில் ஒன்றரை ஏக்கர் பொறம்போக்கு, ஏற்கெனவே படி கட்டிய நிலம். குழுவாக அனுமதி வாங்கி, ஒரு வருடம் ஈரமானியும் வெப்பமானியும் உள்ளே தொங்கவிட்டுக் குறித்து வைத்திருக்கிறோம். போன சித்திரையில் வெளியே மதியம் 24 டிகிரி இருந்தபோது உள்ளே 18. எந்த மெஷினும் இல்லாமல். ஈரம்தான் அங்கேயும் பிரச்சினை, கார்த்திகையில் 88 வரை போனது. அதற்குத்தான் உங்கள் படிப்பும் பணமும் வேண்டும்.

வீட்டுக்காரரும் நானும் பேசியதைச் சொல்கிறேன், திருத்தம் இருந்தால் திருத்துங்கள். கிடங்கின் தெற்குப் பக்கம் உலர்த்தும் அறை, அதுதான் இருப்பதிலேயே பெரிய அறையாக இருக்கட்டும். தை முதல் பங்குனி வரை வெயிலையும் காற்றையும் வைத்தே முதல் உலர்த்தலை முடித்துவிடலாம். கடைசி உலர்த்தலுக்கும் மழைக்காலத்துக்கும் ஈரம் உறிஞ்சும் மெஷின். வடக்குப் பக்கம், கல் சுவரைத் தொடாமல் நடுவில் காற்று இடைவெளி விட்டு, அறைக்குள் அறையாகச் சேமிப்பு. காகித உறை வேண்டவே வேண்டாம், காற்றுப் புகாத அலுமினியப் பை. நீண்ட காலத்துக்கு மைனஸ் 18 வேண்டும் என்பது எனக்கும் தெரியும். உலர்ந்த விதை கொஞ்சம் இடம்தான் அடைக்கும், அதற்குச் சின்னச் சின்ன உறைபெட்டிகள் போதும். ஒன்று கெட்டாலும் மற்றது ஓடும். கதவைத் திறக்கும்போது மொத்த அறையும் மூச்சு விடாது. சோலார் போடுகிறீர்கள் என்றால் கோடை வெயிலை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். கரண்ட் போவது ஐப்பசியில், வெயில் இல்லாததும் ஐப்பசியில்தான். அந்தப் பத்து நாளைக்குத் தாங்குகிற பேட்டரி வேண்டும். கூரைச் சட்டத்துக்கு, காட்டிலிருந்து அகற்றுகிற சீகை (வாட்டில்) மரமும் பைன் மரமும் கிடைக்கும். கூரைத் தண்ணீரைத் தொட்டியில் பிடித்தால், 100 சதுர மீட்டர் கூரையில் 1,000 மில்லிமீட்டர் மழைக்கு ஒரு லட்சம் லிட்டர். வலைக்கூடத்துக்கு ஓடையைத் தொடவே வேண்டாம்.

ஆகவே நாங்கள் கேட்பது இவை. சதுப்பில் கட்டும் முடிவைக் கைவிடுங்கள், எல்லைக் கல் நடும் வேலையை இப்போதே நிறுத்துங்கள். கிழக்கு மேட்டுக் கிடங்கைப் பொறியாளரை வைத்து ஆய்வு செய்து, உறுதியாக இருக்கிறதா இல்லையா என்ற அறிக்கையைத் தமிழில் ஊராட்சி அலுவலகத்தில் ஒட்டுங்கள். அது உதவாது என்றால் காரணம் சொல்லி, ஊற்றில்லாத, சரிவு வெட்டத் தேவையில்லாத வேறு இடத்தை எங்களோடு சேர்ந்து பாருங்கள். எந்த இடமானாலும், வேலி போட்ட வயலுக்கும் வலைக்கூடத்துக்கும் திசு வளர்ப்புக் கூடத்துக்கும் குறைந்தது ஒரு ஏக்கரும் அதற்கான ஆட்களும் திட்டத்திலேயே எழுதப்பட வேண்டும். கிழங்கு கழுவும் தண்ணீர் வளாகத்தை விட்டு வெளியே போகக் கூடாது. உலர்த்தும் அறையை நடுவில் வைத்து வரைபடத்தைத் திரும்பப் போடுங்கள். பத்து நாள் கரண்ட் இல்லாவிட்டால் உள்ளே வெப்பமும் ஈரமும் எவ்வளவு ஏறும் என்ற கணக்கை அந்த வரைபடத்தோடு சேர்த்துக் காட்டுங்கள். வடிவமைப்புக் குழுவில் எங்கள் ஊரிலிருந்து இரண்டு விவசாயிகளுக்கும் ஒரு கொத்தனாருக்கும் இடம் கொடுங்கள். விதை கொடுக்கிற ஒவ்வொரு குடும்பத்துக்கும், கேட்கும்போது அதே விதை திரும்பக் கிடைக்கும் என்று எழுத்தில் கொடுங்கள்.

இந்த மடலுக்கு முப்பது நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். அதற்கு முன், ஐப்பசி மழை பிடித்தபிறகு ஒரு தடவை மேல்மலைக்கு வாருங்கள். காரில் வந்து மாலையில் திரும்பிப் போகாமல் எங்கள் வீட்டில் இரண்டு நாள் தங்குங்கள். உங்கள் ஈரமானியையும் எடுத்து வாருங்கள். சதுப்பில் ஒன்று, கிடங்கில் ஒன்று, என் பரணில் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டு அப்புறம் வரைபடத்தில் கையெழுத்துப் போடுங்கள்.

இப்படிக்கு,
பெண்கள் விதைக் குழுவுக்காக,
மேல்மலைப் பூண்டு விவசாயி ஒருத்தி